ஓவியம் படிக்க நாலு வருஷம் காலேஜ் போகணுமா?

கேள்வி: 11 மே 2024

பொண்ணு பிளஸ் டூ முடிச்சிருக்காங்க. மார்க் நல்லா இருக்கு, பி.காம். சேர்த்துடலாம்னு இருந்தோம். மேற்கு வங்கத்துல சாந்திநிகேதன்ல போய் பிரிண்ட்மேக்கிங் படிக்கறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. எனக்குத் திருப்பூர்ல பனியன் பிரிண்டிங் பட்டறை, நாலு டேபிள் ஓடுது. ஸ்கிரீன் கட்டறது, எக்ஸ்போஸ் பண்றது, கலர் கலக்கறது எல்லாம் அவளுக்குப் பத்து வயசுலயே அத்துப்படி. மிச்சத்தை யூட்யூப்ல பார்த்துக்கலாம். அப்புறம் எதுக்குங்க நாலு வருஷம், இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி? போய்ப் படிச்சவங்க யாராச்சும் ஒளிக்காம சொல்லுங்க.

11 மே 2024, இரவு

நான் போய்ப் படித்தவள். சாந்திநிகேதனின் கலைக் கல்லூரியான கலாபவனில் கிராஃபிக் ஆர்ட், அதாவது பிரிண்ட்மேக்கிங்தான், முதலில் இளங்கலை, பிறகு அங்கேயே முதுகலை. ஊர் சிவகாசி. அப்பா கல்லில் வரைந்து அச்சடிக்கும் லித்தோ பிரஸ்ஸில் சேர்ந்து ஆப்செட் வரைக்கும் பார்த்தவர். நீங்கள் கேட்ட கேள்வியை அவர் என்னிடம் ஒரே வரியில் கேட்டார்: "இங்க இல்லாத மை வாசமா அங்க இருக்கு?"

அனுப்புங்கள் அண்ணே. காரணம், மிஷின். ஆசிட்டால் அரித்த தகட்டை அச்சடிக்கும் எட்சிங் பிரஸ், லித்தோ கல், ஆசிட் அறை இதெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. ஸ்கிரீன் பிரிண்டிங் என்பது அச்சுக்கலையின் ஒரு கிளைதான். மரம், லினோ, துத்தநாகத் தகடு, கல் என்று மிச்சமெல்லாம் அவள் கை இன்னும் தொடாதவை.

12 மே 2024

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். தப்பாகச் சொல்லியிருக்கிறேன். மிஷின் காரணமில்லை. மிஷின்தான் காரணம் என்றால் நாலு பேர் சேர்ந்து ஒரு எட்சிங் பிரஸ் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், அப்படி நடத்துபவர்கள் இருக்கிறார்கள்.

சரியான காரணம் இது. உங்கள் பட்டறையில் ஒரு பனியன் கெட்டுப்போனால் என்ன ஆகும்? நஷ்டம். யார் கை வைத்தது என்று கேள்வி வரும். அது ஓரமாகப் போய்விடும், சாயங்காலத்துக்குள் கண்ணில் படாது. எங்கள் அப்பா பிரஸ்ஸிலும் அப்படித்தான், கலர் ஒரு நூல் விலகினால் அந்தத் தாள் கழிவு. தொழில் என்றால் அது அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஸ்டுடியோவில் கெட்டுப்போன தாளைச் சுவரில் குத்தி வைப்பார்கள். பத்துப் பேர் அதன் முன்னால் நிற்பார்கள். ஏன் கெட்டது, கெட்டதில் எந்த இடம் நன்றாக இருக்கிறது, அதை வேண்டுமென்றே மறுபடி செய்ய முடியுமா என்று பேசுவார்கள். பக்கத்து மேஜைக்காரன் உங்களுடைய தவறை எடுத்துத் தன் வேலையில் வைத்துக்கொள்வான். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கெடுத்துப் பார்க்க இடம், கெட்டதைக் கூட உட்கார்ந்து பார்க்க ஆட்கள். யூட்யூப் வீடியோவில் சரியாக வந்த பிரிண்டைத்தான் காட்டுவார்கள். கெட்ட இருபதை வெட்டி எறிந்த பிறகுதான் அந்த வீடியோவே வருகிறது.

14 மே 2024

"அப்படி அந்த ஊரில் என்ன இருக்கு, சென்னையில் இல்லாதது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சென்னைக் கவின்கலைக் கல்லூரி 1850இல் தொடங்கியது, கலாபவனைவிட ஏறக்குறைய எழுபது வருடம் மூத்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நான் இருந்து பார்த்த இடத்தைப் பற்றித்தான் எனக்குப் பேசத் தெரியும்.

கலாபவன் 1919இல் ஆரம்பித்தது. ஓவியர் நந்தலால் போஸ் அங்கே வந்து, 1951 வரைக்கும் அதை வளர்த்தார். அவரை நம் எல்லோருக்கும் தெரியும், பெயர் தெரியாமலே தெரியும். தடியை ஊன்றி நடக்கும் காந்தி, கறுப்பில் வெள்ளைக் கோடு, 1930. அது லினோகட். அந்தப் படத்தைப் பாடப்புத்தகத்தில் பார்த்து வளர்ந்த நான், அது ரப்பர் மாதிரியான ஒரு விரிப்பில் உளியால் செதுக்கி அச்சடித்தது என்று அங்கே போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். காந்தியின் வேட்டி மடிப்பு ஒவ்வொன்றும் ஒரே இழுப்பு. கை நடுங்கியிருந்தால் தெரிந்துவிடும்.

வளாகத்துக்குள் நுழைந்தால் சிற்பி ராம்கிங்கர் பெய்ஜின் சந்தால் குடும்பம், சந்தால் பழங்குடியினரின் சிலை. 1938இல் செய்தது. தோளில் காவடிபோலத் தடி, கூடையில் குழந்தை, பக்கத்தில் மனைவி, கூடவே நாய். வெண்கலத்துக்குக் காசு ஏது? கம்பிக்கூட்டைக் கட்டி அதன்மேல் சிமென்ட்டையும் அந்த ஊர்ச் செம்மண் சரளையையும் கலந்து அப்பி, காய்வதற்குள் வழித்து எடுத்திருக்கிறார். கிட்டே போனால் சரளைக்கல் ஒவ்வொன்றும் துருத்திக்கொண்டு நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தோல். நான் முதல் வருடம் முழுக்க அந்த இரண்டு தூரத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன், எந்த அடியில் கல் தோலாக மாறுகிறது என்று பார்க்க.

அவர் பாங்குராவில் நாவிதர் குடும்பத்தில் பிறந்தவர். 1925இல் மாணவராக வந்து, பிறகு அங்கேயே வாத்தியாராகி, கடைசிவரைக்கும் அந்த ஊரை விட்டுப் போகவில்லை. பத்தடி தள்ளி அவருடைய இன்னொரு சிற்பம்: ஆலைச் சங்கு கேட்டு ஓடும் இரண்டு பெண்கள், பின்னால் காற்றில் பறக்கும் ஈரச் சேலை. சிமென்ட்டில் சேலை பறப்பதைப் பார்க்க வேண்டும் அண்ணே. பனியன் கம்பெனிச் சங்கு கேட்டு ஓடும் பெண்களைப் பார்த்து வளர்ந்த உங்கள் பெண்ணுக்கு அந்தச் சிலையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கறுப்பு வீடு ஒன்று உண்டு, காலோ பாடி என்பார்கள். மண்சுவர், மேலே தார்ப்பூச்சு. 1930களில் வாத்தியார்களும் மாணவர்களும் சேர்ந்து சுவர் முழுக்கப் புடைப்புச் சிற்பம் செய்தார்கள். அது கண்காட்சி இல்லை, மாணவர்கள் தங்கிய விடுதி. சுவரில் சாய்ந்துகொண்டு பல் தேய்ப்பார்கள்.

14 மே 2024, கொஞ்ச நேரம் கழித்து

விட்டுப்போன பெயர் ஒன்று. ஓவியர் கே.ஜி. சுப்பிரமணியன். கேரளத்தில் குத்துப்பறம்பில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்குப் போனதால் அரசுக் கல்லூரிக் கதவு மூடியது. 1944இல் கலாபவன் போய்ச் சேர்ந்தார். பிறகு பரோடா, பிறகு மறுபடி சாந்திநிகேதனில் வாத்தியார். டிசைன் துறைக் கட்டடத்தின் வெளிச்சுவர் முழுக்கக் கறுப்பு வெள்ளையில் வரைந்தார். மழையிலும் வெயிலிலும் அது மங்கிப்போனபோது, 2009இல், 85 வயதில், சாரத்தில் ஏறி மறுபடி வரைந்தார். பி.காமுக்கும் ஓவியத்துக்கும் ரொம்ப தூரம் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

15 மே 2024

சாப்பாடு பற்றிக் கேட்ட அம்மாவுக்கு: கடுகெண்ணெய் ஒரு மாதத்தில் பழகிவிடும். கசகசாவை அரைத்து உருளைக்கிழங்கோடு சமைப்பார்கள், அதை இப்போது நானே வீட்டில் செய்கிறேன். புளியும் சாம்பார்ப்பொடியும் கொடுத்து அனுப்புங்கள். வார விடுமுறை புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு உண்டு. வீட்டுக்கு போன் பேசும் நாளெல்லாம் மாறிப்போகும், அதற்கு நீங்கள்தான் பழக வேண்டும். சைக்கிள் இல்லாமல் அங்கே காலம் தள்ள முடியாது.

19 மே 2024

பெண்ணே எழுதிவிட்டாள். "அக்கா, நீங்க கெடுத்த ஒண்ணைச் சொல்லுங்க. அப்பா நம்பணும்." சொல்கிறேன் தாயி.

எட்சிங் எப்படி என்று முதலில். துத்தநாகத் தகட்டின் நாலு ஓரத்தையும் அரத்தால் சரித்துத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் பிரஸ்ஸில் தாளைக் கிழித்துவிடும். சாக்பொடியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, மெழுகும் தாரும் குங்கிலியமும் சேர்ந்த பூச்சைப் பரப்ப வேண்டும். அது காய்ந்த பிறகு ஊசியால் வரைவது. ஊசி தகட்டைக் கீறக் கூடாது, பூச்சை மட்டும் விலக்க வேண்டும். நைட்ரிக் ஆசிட் கலந்த தண்ணீரில் தகட்டை இறக்கினால், பூச்சு விலகிய கோட்டில் மட்டும் ஆசிட் அரிக்கும். கோடு நெடுகப் பொடிப் பொடியாகக் குமிழ் கிளம்பும், சோடா பாட்டிலைத் திறந்தாற்போல. குமிழை அப்படியே விட்டால் அதன் அடியில் அரிப்பு நின்று கோடு பிசிறாகிவிடும். அதனால் கையில் ஒரு இறகை வைத்துக்கொண்டு தடவிக்கொடுத்தபடியே நிற்க வேண்டும். சாதாரணக் கோழி இறகு. குழந்தைக்கு நெற்றி முடியை ஒதுக்குகிற மாதிரி. அத்தனை மெதுவாக.

மூன்றாம் வருடம். ஆறு நிமிடத்தில் எடுக்க வேண்டிய தகட்டை ஆசிட்டில் விட்டுவிட்டு வெளியே வந்தேன். வீட்டிலிருந்து கடிதம். அப்பா வேலை பார்த்த பிரஸ்ஸில் கடைசி லித்தோ மிஷினைப் பழைய இரும்புக்கு எடைபோட்டார்கள் என்று எழுதியிருந்தார். நான்கு வரிக் கடிதம்தான், திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து மூத்த மாணவி ஒருத்தி, தீதி என்போம், ஓடிவந்து கூப்பிட்டாள். அவள்தான் தகட்டை எடுத்துத் தண்ணீரில் போட்டிருந்தாள். பூச்சே பெயர்ந்து, கோடெல்லாம் கலந்து பள்ளமாகி, நடுவே ஒரு இடத்தில் தகடு ஓட்டையாகியிருந்தது. சுண்டுவிரல் நுழையும்.

இரண்டு வார வேலை. அழுதேன். தீதி ஒன்றும் சொல்லாமல் தகட்டைத் துடைத்து, மை தடவி, உள்ளங்கையால் மேல்மையை வழித்து எடுத்து, ஈரத்தாளை வைத்து, கம்பளியை மூடி, பிரஸ் சக்கரத்தை என்னைச் சுற்றச் சொன்னாள். தாளை ஒரு முனையிலிருந்து தூக்கினோம். ஓட்டை இருந்த இடத்தில் மை இல்லை. பிரஸ் அழுத்தத்தில் தாள் அந்த ஓட்டைக்குள் பிதுங்கி, வெள்ளை வெளேரென்று, கொப்புளம்போல எழும்பி நின்றது. விரலால் தொட்டால் தெரியும். சுற்றிலும் கரும்பள்ளம்.

அதைச் சுவரில் குத்தினார்கள். வாத்தியார் வந்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அச்சுக்கலைஞர் சோம்நாத் ஹோரின் 'காயங்கள்' என்ற பட வரிசையைப் போய்ப் பார்க்கச் சொன்னார். 1971இல் தொடங்கியது. மையே கிடையாது. வெள்ளைக் காகிதக்கூழில் வெள்ளைக் கீறல், வெள்ளைத் துளை. வங்கப் பஞ்சத்தை 1943இல் நேரில் வரைந்த மனிதர், முப்பது வருடம் கழித்து அந்தக் காயத்தை நிறமே இல்லாமல் காட்ட ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். எனக்குத் தவறி வந்ததை அவர் தேடி அடைந்திருந்தார். இரண்டும் ஒன்றில்லை, அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் அன்றைக்குப் பிறகு வெள்ளைத் தாளை வெறும் தாளாக நான் பார்க்கவில்லை.

20 மே 2024

வேதியியல் வாத்தியார் ஒருவர் திருத்தியிருக்கிறார், நன்றி. "ஆசிட் கலந்த தண்ணீர்" என்று நேற்று மொட்டையாக எழுதினேன். வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது. தண்ணீரில்தான் ஆசிட்டை மெதுவாக ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். வருகிற புகையும் நெஞ்சைக் கெடுப்பது, காற்றோட்டம் இல்லாத அறையில் நிற்கவே கூடாது. துத்தநாகத் தகட்டுக்கு இப்போது பலபேர் மயில்துத்தமும் உப்பும் கரைத்த தண்ணீரைப் பயன்படுத்துகிறார்கள். புகை வராது, கோடும் சுத்தமாக விழும். நானும் என் பட்டறையில் அதற்கு மாறி வருடங்களாகின்றன. மயில்துத்தமும் விஷம்தான், கையுறை போட வேண்டும், சாக்கடையில் ஊற்றக் கூடாது.

26 மே 2024

"சோறு போடுமா?" மூன்று பேர் கேட்டாயிற்று. நியாயமான கேள்வி.

எனக்கு முதல் ஐந்து வருடம் போடவில்லை. பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர், சாயங்காலம் டைரி அட்டைக்கு டிசைன், ராத்திரி என் வேலை. சென்னையில் ஒரு காட்சிக்கூடத்துக்குப் பதினான்கு பிரிண்ட் கொடுத்தேன், பெயர் வேண்டாம். விற்றதற்குக் காசும் வரவில்லை, விற்காதது திரும்பியும் வரவில்லை. போன் செய்தால் ஆள் மாறிவிட்டார் என்றார்கள். ரசீது வாங்காதது என் தவறு. இப்போது என்னிடம் வருகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவது பிரிண்டின் கீழே பென்சிலால் எண் போடுவதும், கொடுக்கும்போது எழுதி வாங்குவதும்.

சோம்நாத் ஹோர் வியட்நாம் போரை நினைத்துத் தாயும் சேயுமாக ஒரு பெரிய வெண்கலச் சிலை செய்தார். அது முடிந்த கையோடு, 1977இல், கலாபவனிலிருந்து திருடுபோனது. கிடைக்கவே இல்லை. அவர் அதற்குப் பிறகும் வெண்கலம் வார்த்துக்கொண்டுதான் இருந்தார். என் பதினான்கு தாள் போனபோது அதை நினைத்துக்கொள்வேன். அது ஆறுதல் இல்லை, அடுத்த நாள் மேஜைக்குப் போக ஒரு தள்ளு.

பணத்தைப் பற்றி அங்கே கற்றுக்கொண்டது வகுப்பில் இல்லை, நந்தன் மேளாவில். நந்தலாலின் பிறந்தநாள் டிசம்பர் 3. அதையொட்டி டிசம்பர் 1, 2 இரண்டு நாளும் கலாபவனிலேயே சந்தை. 1973இலிருந்து நடக்கிறது. மாணவர், வாத்தியார் எல்லோரும் செய்ததைக் கொண்டுவந்து வைப்பார்கள்: பீங்கான் கோப்பை, நாட்காட்டி, கையால் தைத்த நோட்டு, சின்னச் சின்ன லினோ பிரிண்ட். வருகிற காசு மாணவர் உதவி நிதிக்கு, யாருக்காவது மருத்துவச் செலவு வந்தால் அதிலிருந்து. நவம்பர் கடைசியில் ஸ்டுடியோவில் ராத்திரி விளக்கே அணையாது. சிற்பத்துறைக்காரன் வந்து எங்களுக்கு லினோ வெட்டுவான், நாங்கள் போய் செராமிக்கில் களிமண் மிதிப்போம். எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை அங்கேதான் கைகொடுத்தது. நாட்காட்டிக்கு மூன்று கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காரும்படி, ரெஜிஸ்டர் விலகாமல் நானூறு தாள் அடிக்க வேண்டும், யாருக்கும் வரவில்லை. சிவகாசிக்காரியைக் கூப்பிடு என்றார்கள். தாளைக் கட்டாகப் பிடித்து விசிறிப் பிரித்து, இரண்டு பக்கம் தட்டி, மூலைக்கு மூலை சேர்த்தேன். அப்பா செய்வது அப்படியே என் கையில் வந்தது. எல்லோரும் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

2 ஜூன் 2024

இத்தனை நாளும் நல்லதையே எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒளிக்காமல் சொல்லச் சொன்னீர்கள்.

மொழி தெரியாது. முதல் ஆறு மாதம் விமர்சன வகுப்பில் எல்லோரும் வங்காளத்தில் பேசிச் சிரிக்கும்போது என் படத்தைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். ஒருவரும் அப்படிச் சிரிக்கவில்லை என்பது மொழி தெரிந்த பிறகு தெரிந்தது, ஆனால் அந்த ஆறு மாதம் பட்டது பட்டதுதான். என் வகுப்பில் இரண்டு பேர் பாதியில் போனார்கள். ஒருவனுக்குக் கை அருமையான கை, என்னைவிட எத்தனையோ மேல். அவனுக்குக் கெட்டதைச் சுவரில் குத்துவது தாங்கவில்லை. பாராட்டி வளர்ந்த பிள்ளை. பத்துப் பேர் நின்று பார்ப்பது எனக்கு உதவியாக இருந்தது, அவனை உடைத்தது. 12 மே அன்று அதை எல்லோருக்கும் பொதுவான மருந்துபோல எழுதிவிட்டேன். அப்படியில்லை.

"கண் பார்வையே சரியில்லாதவங்க இதையெல்லாம் படிக்க முடியுமா" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். தம்பி, வினோத் பிகாரி முகர்ஜி என்ற பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கலாபவனின் முதல் மாணவர்களில் ஒருவர். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை, மற்றதில் கடுமையான கிட்டப்பார்வை. 1946, 47இல் சாந்திநிகேதனில் இருக்கும் இந்தி பவனின் சுவர்களில் இடைக்கால அருளாளர்களை வரைந்தார். ராமானுஜரும் இருக்கிறார், கபீரும் சூர்தாசரும் துளசிதாசரும் இருக்கிறார்கள். முழு அளவு மாதிரி வரைந்து ஒற்றிக்கொள்ளாமல், ஈரச்சுவரில் நேரே வரைந்தது. ஒரு பார்வையில் சுவரின் ஒரு துண்டுக்குமேல் தெளிவாகத் தெரியாத மனிதர் அத்தனை நீளச் சுவரில் அத்தனை கூட்டத்தை ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் நடக்க வைத்திருக்கிறார். 1950களில் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு பார்வை முழுக்கப் போயிற்று. அதற்குப் பிறகும் காகிதத்தை மடித்து வெட்டினார், களிமண்ணில் உருவம் பிடித்தார், 1972இல் கலாபவன் சுவருக்கு ஓடுகளால் ஒரு படம் செய்தார். அங்கே அவரிடம் படித்த சத்யஜித் ராய் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்ததும் அதே வருடம்.

நான் ராமானுஜர் பகுதியின் முன்னால் போய் உட்காருவேன், ஊர் ஞாபகம் வந்தால். முதல் வருடம் அடிக்கடி.

9 ஜூன் 2024

அண்ணன் இன்னொன்று கேட்டிருக்கிறார்: "எல்லாம் சரிங்க. அப்ப எங்க பட்டறையில அவ கத்துக்கிட்டது கணக்குலயே வராதா?"

இந்தக் கேள்வி ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை. 12 மே எழுதியதை இன்னொரு முறை திருத்த வேண்டியிருக்கிறது. தொழிலில் கெட்டது கண்ணில் படாது என்றேன். பொய். பட்டிருக்கிறது, நான்தான் மறந்திருக்கிறேன்.

பிரஸ்ஸில் புதுவேலை ஏற்றும்போது மை சமமாக இறங்கும்வரை நல்ல தாளை வீணாக்க மாட்டார்கள். பழைய கழிவுத் தாளையே திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். முருகன் காலண்டர் தாளில் பட்டாசு லேபிள் விழும், அதன்மேல் தலைகீழாக லட்சுமி, அதன்மேல் ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தின் சிவப்பு மட்டும். அந்தத் தாளை அப்பா வீட்டுக்கு எடுத்துவருவார், அலமாரியில் விரிக்க, என் புத்தகத்துக்கு அட்டை போட. என் நாலாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் அட்டையில் முருகனின் வேல் ஒரு அணுகுண்டு வெடியின் திரியாகப் போய் முடியும். வகுப்பில் சிரிப்பார்கள். நான் கரும்பலகையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

முதுகலை இறுதிக் காட்சிக்கு நான் செய்தது முழுக்க அதுதான்: ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த படங்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தகடுகளை ஒரே தாளில் ஓட்டியது. எங்கிருந்து பிடித்தாய் என்று கேட்டபோது ஏதோ பெரிய பெரிய பெயர்களைச் சொன்னேன். அப்பாவின் கழிவுத்தாள் என்று சொல்லத் தோன்றவே இல்லை. வெட்கம் இல்லை, உண்மையிலேயே தோன்றவில்லை. ஊருக்கு வந்து அலமாரியைத் திறந்தபோது அடியில் அது கிடந்தது.

எங்கள் கொல்லையில் ஒரு பழைய லித்தோ கல் படியாகக் கிடந்தது. ஜெர்மனியில் வெட்டி எடுக்கிற சுண்ணாம்புக்கல், எங்கள் ஊருக்கு எப்போது எப்படி வந்ததோ. கலாபவனில் அதே மாதிரிக் கல்லைக் கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் போட்டு மணிக்கணக்கில் அரைத்திருக்கிறேன், முன்னால் வரைந்தவரின் கோடு மறையும்வரை. வந்து அந்தப் படியைப் புரட்டிப் பார்த்தேன். அடிப்பக்கம் மங்கலாகத் தீப்பெட்டி லேபிள் எழுத்து, வலமிருந்து இடமாக. பதினெட்டு வருடம் அதை மிதித்துக்கொண்டு துணி காயப்போட்டிருக்கிறேன்.

அதனால் அண்ணே, கணக்கில் வரும். அதுதான் அவளுடைய முதல். வெளியே போய்ப் பத்துப் பேரோடு நின்று பார்க்கப் பழகினால் உங்கள் டேபிளில் இருப்பது அவளுக்குத் தெரியவரும். போகாமலே தெரிந்துகொள்பவர்களும் உண்டு. எனக்குப் போக வேண்டியிருந்தது.

ஒன்று கேட்கிறேன். புது ஸ்கிரீன் போட்டால் சோதனை அடிப்பதற்கென்று ஒரு பழைய துணி வைத்திருப்பீர்களே? புலி முகம், கம்பெனிப் பெயர், பூ, எண் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கெட்டியாகிப்போன துணி. அது இருக்கிறதா?

10 ஜூன் 2024

இருக்கிறதாம். ஆறு வருடத் துணியாம், போர்டு மாதிரி விறைத்து நிற்கிறதாம். "அதைப் போயி எவன் பார்ப்பான்" என்கிறார். பெண் நான்கு போட்டோ அனுப்பியிருக்கிறாள். ஒரு மூலையில் இங்கிலீஷ் எழுத்துகளுக்கு நடுவே மயில் கழுத்து நீலம், எப்படித்தான் அந்த இடத்தில் விழுந்ததோ. அரைமணி நேரம் பார்த்தேன்.

தாயி, அங்கே காட்டக் கொண்டுபோகும் உன் வேலைகளோடு இதையும் சேர். நீ அடித்த இலை, பூ, நடிகர் முகம் எல்லாவற்றையும் முன்னால் வைக்காதே. ஸ்கெட்ச் நோட்டை அடித்துத் திருத்தியதோடு அப்படியே கொண்டு போ, நல்ல பக்கத்தை மட்டும் கிழித்து ஒட்டாதே. பட்டறைக்குள் உட்கார்ந்து ஆட்களை வரை, மை தள்ளும் ஸ்குவீஜிக் கட்டையை இழுக்கும்போது தோள் எப்படி இறங்குகிறது என்று. நாளைக்கு இருபது.

23 ஜூன் 2024

கலாபவனுக்குப் போகும் வழி: சென்னை வந்து ஹவுரா ரயில் பிடியுங்கள், ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஆகும். ஹவுராவிலிருந்து சாந்திநிகேதனுக்கான ஸ்டேஷன் போல்பூருக்கு இரண்டரை, மூன்று மணி நேரம். ஸ்டேஷனில் டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா நிற்கும், கலாபவன் என்றால் போதும். புதன்கிழமை போய் இறங்காதீர்கள், எல்லாம் மூடியிருக்கும்.

அந்தத் துணியை மடிக்க வேண்டாம் அண்ணே. மடித்தால் மை வெடித்து உதிரும். பிரிண்ட் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, பிவிசி குழாயில் போட்டு, இரண்டு பக்கமும் மூடி போடுங்கள். ரயிலில் மேல் பெர்த்தில் படுக்க வையுங்கள், சீட்டுக்கு அடியில் தள்ளினால் யாராவது காலால் உதைப்பார்கள்.